இங்கிலீஷில் ஒரு சண்முகக்கனி

எனக்குப் பொறாமைதான். இல்லேன்னு நான் யாருகிட்டயும் சொன்னதில்ல, சொல்லவும் மாட்டேன், ஏன்னா எங்க தெருவுல வீடுக எடம் மாற ஆரம்பிச்ச நாள்ல இருந்து பொறாமைப்படாத பொம்பளைன்னு ஒருத்தியக் காட்டுங்க, அவ கால்ல விழுந்து கும்பிட்டுட்டுப் போயிருறேன்.

கோயில்பட்டியில எங்க தெரு ஒத்தச் சரகுத் தெரு. ஒரு பக்கம் வரிசையா வீடுக, எதிர்ப்பக்கம் முழுக்கத் தீப்பெட்டி ஆபீஸோட காம்பவுண்டுச் சுவரு. தெருவோட தலைமாட்டுல பஸ் ரோடு, டீக்கடை, தண்ணிக்குழாய் எல்லாம் இருக்கும், கால்மாட்டுல சாக்கடை, அதுக்கங்கிட்டு கருவேலங்காடு. ஒரு திங்கக்கிழமை விடியக்காலம் வாசல் தெளிக்கக் கதவத் தொறந்த பொம்பளைக எல்லாருக்கும் எதிர்ச்சுவத்துல வேற வேற போஸ்டர் தெரிஞ்சுச்சு. போஸ்டர் ஒட்டுன எடத்துலயேதான் இருந்துச்சு, வீடுதான் வேற எடத்துல நின்னுச்சு. அஞ்சாவதா இருந்த வீடு குழாயடிக்குப் போயிருந்துச்சு, குழாயடியில இருந்த வீடு நடுவுல முழிச்சுக்கிட்டு நின்னுச்சு, வாசல்ல கட்டியிருந்த ஆடு, கொடியில காஞ்ச துணி, கூரை மேல போட்டிருந்த வத்தல் எதுவும் அலுங்கல குலுங்கல. பால்காரரு சைக்கிள ஊனிக்கிட்டு மேலயும் கீழயும் பாத்தாரு, வரிசை மாறியிருக்கு போலன்னு சொன்னாரு, ஊத்த வேண்டிய பால ஊத்திட்டுப் போனாரு.

எந்த வரிசைன்னு முதல்ல கண்டுபிடிச்சது எங்க மகளிர் குழுத் தலைவி எஸ்தரக்காதான். செல்ல எடுத்துப் பாத்துட்டு, இது ஞாயித்துக்கிழமை வாயாடி போட்ட வரிசைதானேன்னாக.

வாயாடிங்கிறது இங்கிலீஷ் சொல்லிக்குடுக்குற ஆப். நகராட்சிப் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் மீடியம் வந்தப்ப, தாய்மாரும் வீட்ல ரெண்டு வார்த்தை பேசுனாத்தான் புள்ளைகளுக்கு நாக்குப் புரளும்னு கூட்டம் போட்டுச் சொன்னாக, எஸ்தரக்கா அத எங்க எல்லாரு செல்லுலயும் ஏத்திவிட்டாக. கண்ணாடி போட்ட மைனா ஒண்ணு அதுல வரும். அது சொல்றத நாம திருப்பிச் சொல்லணும், பெறகு அது கேக்கிறதுக்கு நாமளா வாயில வந்தத இங்கிலீஷ்ல சொல்லணும், எவ்வளவு பேசுறோமோ அவ்வளவு புள்ளி. பச்சை யானை ரொட்டி தின்கிறது, என் மாமா ஜன்னலில் நிற்கிறார்னு அர்த்தங்கெட்ட வாக்கியமா அது குடுக்க, விடிஞ்சதும் வீட்டுக்கு வீடு ஒருத்தி அடுப்படியில நின்னு பச்சை யானையக் கூப்பிட்டுக்கிட்டு இருப்பா. சரியாச் சொல்லிட்டா மைனா ரெக்கையத் தட்டி, எக்ஸலண்ட் சண்முகக்கனி, அப்படின்னு பேரச் சொல்லிப் பாராட்டும். கல்யாணம் முடிஞ்சு இத்தனை வருசத்துல எங்க வீட்டுக்காரவுக என் பேரையும் ஒரு நல்ல வார்த்தையையும் ஒரே மூச்சுல சொன்னதில்ல, அந்த மைனா சொல்லும்போது எனக்கு மேலு சிலுத்துக்கிரும். வாரா வாரம் ஞாயித்துக்கிழமை சாயந்தரம் யாரு எத்தனாவதுன்னு வரிசை போடும், திங்கக்கிழமை வீடுக அதும்படி நிக்கும்.

வீடு எப்படி மாறுதுன்னு ரெண்டு நாளுதான் பேசுனாக, மூணாவது நாள்ல இருந்து மாறுனா என்ன செய்யிறதுன்னுதான் பேச்சு. தபால்காரரு திங்கக்கிழமை மட்டும் எஸ்தரக்கா செல்லப் பாத்து வரிசைய எழுதிக்கிட்டுப் போனாரு. கரண்டு ரீடிங் எடுக்க வாரவரு கதவு நம்பரப் பாக்கிறத விட்டுட்டு ஆளு மூஞ்சியப் பாத்து எழுதப் பழகுனாரு. ஞாயித்துக்கிழமை ராத்திரி தண்ணியப் போட்டுட்டு வார ஆம்பளைக திங்கக்கிழமை கண்ணு முழிச்சா எந்தப் பக்கம் டீக்கடைன்னு தெரியாம நின்னாக. பொண்ணு பாக்க வாரவுக சாதகத்தக் கேட்ட கையோட எத்தனாவது வீடுன்னும் கேட்டாக, நடு வீடுன்னா முகம் சுழிச்சாக. புதுசாப் பக்கத்துல வந்த வீட்டோட ஒத்துப்போகலேன்னா, ஒரு வாரம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு, புள்ளியக் கூட்டியோ கொறச்சோ பொம்பளைக வேற பக்கம் ஒதுங்கிக்கிட்டாக. எங்க தெருவுலயே நெசமா இங்கிலீஷ் தெரிஞ்சவரு ரிட்டயர்டு வாத்தியாரு ஆல்பர்ட் சார், அவருகிட்ட பட்டன் செல்லுதான் உண்டு, அதனால அவரு வீடு முதல் வாரமே சாக்கடை ஓரம் போயிருச்சு. அவரு ஈசிசேரத் தூக்கி வாசல்ல போட்டு, காத்து நல்லா வருதுன்னு சொல்லிக்கிட்டாரு. ஆக மொத்தம் தெரு முழுக்க இங்கிலீஷ் பேசுச்சு, பக்கத்து வீட்டுக்காரி நம்மள விட ஒரு வாக்கியம் கூடப் பேசிருவாளோன்னு பயந்து பேசுச்சு.

அந்த முதல் திங்கக்கிழமை குழாயடியில முதல் வீடா நின்னது யாரு வீடுன்னு நெனைக்கிறீக. என் ஓரகத்தி பொன்சித்ரா வீடு.

அவ எங்க கொழுந்தன் செல்வத்தோட பொண்டாட்டி. பன்னெண்டாவது படிச்சவ, நான் எட்டாங்கிளாஸ். செவப்புத் தோலு, நான் கருப்பு. அவ வச்ச ரசத்த மாமனாரு ரெண்டு தரம் வாங்கிக் குடிப்பாரு, நான் வச்சா மோர் இருக்காம்பாரு. அவரு செத்தப்பெறகு வீட்டப் பாகம் பிரிச்சாக. எங்க பக்கத்து வழக்கம், மூத்தவன் பிரிக்கணும், இளையவன் எடுக்கணும். அப்பத்தான் பிரிக்கிறவன் நேர்மையாப் பிரிப்பான்னு பெரியவுக வச்சது. எனக்கு அடுப்படிப் பக்கம் வேணும், தென்காத்து சும்மா விசுவிசுன்னு வரும், அதனால எங்க வீட்டுக்காரவுககிட்டச் சொல்லி வாசப் பக்கத்துப் பாதிக்கு மட்டும் வெள்ளையடிச்சு, அடுப்படிப் பக்கத்தக் கரியோட விட்டு, போதாக்குறைக்கு அங்கன ஆட்டையும் கட்டிப் போட்டேன். எந்தக் கிறுக்கச்சியும் வெள்ளையடிச்சதத்தான் எடுப்பான்னு நெனச்சேன். அவ வந்தா, ஆட்டத் தாண்டி உள்ள போனா, கரிச்சுவத்துல கைய வச்சுப் பாத்தா, எனக்கு அடுப்படி போதும்க்கான்னு சொல்லி உதட்டோரமா ஒரு சிரிப்புச் சிரிச்சா. அந்தச் சிரிப்புத்தான். அன்னைக்கே எல்லாரு முன்னாலயும் சொன்னேன், இனி செத்தாலும் உங்கூட எனக்குப் பேச்சு இல்லேன்னு. பெறகு நடுவுல சுவரு எழுப்பி அவளுக்கும் தெருவப் பாத்து ஒரு வாசல் வச்சாக, ரெண்டு வீட்டுக்கும் பொதுச்சுவரு, செலவு ஆளுக்குப் பாதி. அதுக்கப்புறம் அவளுக்குப் புள்ள பெறந்து, அது பள்ளிக்கூடம் போற வயசாகியும் நாங்க பேசல.

இப்ப வீடு எடம் மாறுனதும் அந்தப் பொதுச்சுவரு யாரோட போகும்னு ஒரு கேள்வி வந்துச்சில்ல, அதுக்கும் அதுவே பதில் வச்சிருந்துச்சு. ரெண்டு வீடும் பக்கத்துப் பக்கத்துல நின்னாச் சுவரு நடுவுல நிக்கும். பிரிஞ்சுபோனா, புள்ளி கூட இருக்கிறவளோட போயிரும். ஆக, அவ முதல் வீடு, சுவரோட நின்னா. நான் நடுத்தெருவுல ஒரு பக்கம் ஆன்னு தொறந்த வீட்டுக்குள்ள நின்னேன். தார்ப்பாயக் கட்டித் தொங்கவிட்டேன், காத்து அத ஒரு பக்கமா ஒதுக்க, புதுசாப் பக்கத்துல வந்த வீட்டுக் கெழவரு நான் தாளிக்கிறத எட்டிப் பாத்துக் கடுகு பத்தாதும்பாரு. பாதிக் காசு குடுத்த சுவரு, என் சுவரு, அங்க அவளுக்கு மறைவா நிக்குது. எனக்குச் சோறு எறங்கல.

அன்னைக்குப் பிடிச்சேன் வாயாடிய. எனக்குத் தொழிலு வீட்ல இருந்து தீப்பெட்டி ஒட்டுறது, கை பாட்டுக்கு ஒட்டும், வாய் சும்மாதான் கெடக்கும். அந்த வாயப் பூரா இங்கிலீஷுக்கு விட்டேன். மாமாவ ஜன்னல்ல நிறுத்தி, யானைக்கு ரொட்டி போட்டு, பசை காயுமுன்ன பத்து வாக்கியம் சொன்னேன். தொண்டை கட்டுச்சு, சுக்குத்தண்ணி குடிச்சுட்டுச் சொன்னேன். எங்க வீட்டுக்காரவுக, சாமியாடி மாதிரி என்னத்தடி உளறுறன்னாக, அதுக்கும் பச்சை யானையத்தான் பதிலாச் சொன்னேன். ஒவ்வொரு திங்கக்கிழமையும் என் வீடு ரெண்டு வீடு மூணு வீடு முன்னால ஏறுச்சு, கடைசியில ஒரு திங்கக்கிழமை கண்ணு முழிச்சா என் வீட்ல நாலு சுவரும் இருந்துச்சு. அவ முதல் வீடு, நான் ரெண்டாவது வீடு.

அந்தப் பொதுச்சுவத்துல ஒரு மாடக்குழி உண்டு, வெளக்கு வைக்க விட்டது, அந்த எடத்துல ஒத்தச் செங்கல்தான் கனம். அன்னைக்கு மத்தியானம் அது வழியா அவ பேசுறது கேட்டுச்சு. மைனா என்னமோ கேக்குது, இவ கடகடன்னு இங்கிலீஷ்ல என்னமோ சொல்றா. சரி படிக்கிறா, படிச்சுத் தொலையட்டும்னு தீப்பெட்டிய எடுத்தேன். அப்பத்தான் அந்த இங்கிலீஷுக்கு நடுவுல என் பேரு வந்துச்சு. சண்முகக்கனி. கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்ப, சண்முகக்கனி. பெறகு ஒரு சிரிப்பு.

எனக்கு உச்சியில இருந்து உள்ளங்கால் வரைக்கும் ஜிவ்வுன்னுச்சு. ஊருக்குள்ள என்னப் பத்திப் பொரணி பேச ஆளு கெடைக்காம மைனாகிட்டப் போயி வைக்கிறா, அதுவும் எனக்குத் தெரியாத பாசையில. மறுநாளும் அதே நேரம், அதே பேரு, அதே சிரிப்பு. யாருகிட்டப் போயி அர்த்தம் கேக்கிறது? எஸ்தரக்காகிட்டக் கேட்டா, என்னைய அவ வையிறத நானே தெருவுக்குத் தண்டோராப் போட்ட மாதிரி ஆகும். என் செல்லக் கொண்டுபோயி மாடக்குழிக்குள்ள வச்சேன், அதாவது கேட்டுச் சொல்லாதான்னு. அது அவ பேசுனது பூராவும் நான் பேசுனதாக் கணக்கெடுத்துக்கிட்டு, எக்ஸலண்ட் சண்முகக்கனின்னுச்சு. அவ வையிறா, எனக்குப் புள்ளி ஏறுது. அடுத்த திங்கக்கிழமை அவளோட பேச்சும் என்னோட பேச்சும் சேந்து என்னைய முதல் வீடாக்கிருச்சு. குழாய் என் வாசல்ல, அவ ரெண்டாவது. தெரு பூரா என்னையப் பாத்துக் கருகுச்சு. எனக்கு அதுல ஒரு துளி சந்தோசம் இல்ல, ஏன்னா அவ என்ன சொல்றான்னு இன்னும் எனக்குத் தெரியல.

அதுக்காகப் படிச்சேன் பாருங்க, அதுதான் படிப்பு. புள்ளிக்காகப் பேசுறத விட்டுட்டு, மைனா சொல்ற ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தத்த நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். முதல்ல அவ பேச்சுல பிடிபட்டது லாஃப். சிரிக்கிறதுன்னு அர்த்தம். நான் நெனச்சது சரிதான், என்னப் பாத்துச் சிரிக்கிறா. பத்து நாள் கழிச்சு ஸ்மெல் பிடிபட்டுச்சு. நாத்தம். எம்மேல நாத்தம்கிறாளா? தெனம் ரெண்டு வேளை குளிக்கிறவ நானு, அன்னைக்கு மூணாவது வேளையும் குளிச்சேன். அதுக்கடுத்து ஹேர்னா முடி, லைஸ்னா பேன். என் தலையில பேன் இருக்குன்னு ஒரு பறவைகிட்டச் சொல்லியிருக்கா. சிரிப்பு, நாத்தம், பேன். மூணையும் சேத்து வச்சு நான் அவளுக்குப் பதில் தயார் பண்ணுனேன், இங்கிலீஷ்லயே, வாக்கியம் வாக்கியமா. முழுசும் புரிஞ்ச அன்னைக்கு அவ வாசல்ல போயி நின்னு தெருவே கேக்கச் சொல்றதுன்னு வச்சிருந்தேன்.

அப்பத்தான் கொழுந்தன் செல்வம் வந்தான். கடலைமிட்டாய் ஏத்திக்கிட்டுக் கேரளா போற வண்டி ஓட்டுறவன், வாரத்துக்கு ஒரு நாள் வந்தாப் பெரிசு. அன்னைக்குச் சொல்லாமக் கொள்ளாம மத்தியானத்துல வந்துட்டான். இவ உள்ள செல்ல வச்சு இங்கிலீஷ்ல சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறா. எவன்கூடப் பேசுறன்னு கேட்டான். இவ மைனாங்கிறா, வாயாடிங்கிறா, அவன் கேக்கல. அறைஞ்ச சத்தம் மாடக்குழி வழியா எனக்குக் கேட்டுச்சு. அது மைனாதான்னு எனக்குத் தெரியும், ஒரு சத்தம் குடுத்திருந்தா முடிஞ்சுச்சு. குடுக்கல. என் மனசு குளுந்துச்சு, அதச் சொல்றதுக்கென்ன, பானைத்தண்ணி குடிச்ச மாதிரி குளுந்துச்சு. அவன் அவ செல்லப் பறிச்சுப் பைக்குள்ள போட்டுக்கிட்டு வண்டியேறிப் போயிட்டான்.

பேச்சு இல்லேன்னா புள்ளி இல்ல. அடுத்து வந்த திங்கக்கிழமை அவ வீடு தெருவோட கால்மாட்டுல, ஆல்பர்ட் சார் வீட்டுக்கு முந்துன வீடா, சாக்கடை ஓரமாப் போயி நின்னுச்சு. சுவரு எங்கூட. அவ ஒரு பக்கம் தொறந்து கெடந்த வீட்டுக்குச் சேலையச் சேலையோட முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருந்தா. குப்பை கொட்டப் போற சாக்குல நான் போயிப் பாத்தேன், முதுகத் திருப்பிக்கிட்டு உக்காந்திருந்தா. நான் ஆசைப்பட்டது எல்லாம் எங்கிட்ட வந்துருச்சு. முதல் வீடு, குழாய், முழுச்சுவரு, மைனாவோட எக்ஸலண்ட். மத்தியானம் ஆனா என் காது தன்னால மாடக்குழிப் பக்கம் போகும், அங்க செங்கல்லுக்கு அங்கிட்டு வெறும் காத்து. அவ என்னையப் பத்தி என்ன சொன்னான்னு தெரியாமலே நான் செத்தா என் கட்டை வேகாதுன்னு தோணுச்சு. எல்லாப் பொம்பளையும் முதல் வீட்டுக்குச் சாகுறா, நான் அங்க உக்காந்து கடைசி வீட்ட நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

செல்ல அணைச்சு அரிசிப் பானைக்குள்ள போட்டேன். நடுவுல ஒரு தரம் எடுத்துப் பாத்தா, மைனா கண்ணாடியக் கழட்டி வச்சு அழுதுக்கிட்டு இருந்துச்சு. எஸ்தரக்கா வந்து மேலுக்குச் சரியில்லையான்னு கேட்டுட்டுப் போனாக. ரெண்டாவதா இருந்தவ வந்து, முதல் வீடு உனக்கு வேண்டாமான்னு நம்ப முடியாமக் கேட்டுட்டு, நான் வேண்டாங்கவும் ஓடிப்போயி இங்கிலீஷ் பேசுனா. ஒரு வாரம் வாயே தொறக்கல நானு. திங்கக்கிழமை காலையில கதவத் தொறந்தேன், சாக்கடை வாடை குப்புன்னு அடிச்சுச்சு, பக்கத்துல அவ வீடு, அதுக்கங்கிட்டு ஆல்பர்ட் சார் ஈசிசேர்ல இருந்தபடியே கையத் தூக்கி, வெல்கம்னாரு. வாசல்ல இருந்த டீக்கடை போயிருச்சேன்னு எங்க வீட்டுக்காரவுகளுக்குத்தான் வயித்தெரிச்சல் தாங்கல.

"ஊரு உலகத்துல எல்லாரும் ஏறுறவளப் பாத்துப் பொறாமைப்படுவாக, எறங்குறவளப் பாத்துப் பொறாமைப்பட்டுக் கூடவே எறங்குறவ நீ ஒருத்திதான்டி" அப்படின்னாக.

மத்தியானம் ஆச்சு. நான் மாடக்குழிக்கு நேரா உக்காந்து தீப்பெட்டிய மடியில வச்சுக்கிட்டு, ஒட்டாம இருந்தேன். அவகிட்டச் செல்லு இல்ல, மைனா இல்ல, புள்ளி போடுறதுக்கு ஆளில்ல, ஆனாலும் அவ பேசுனா. சுவத்துகிட்டப் பேசுனா. அந்த ஒத்தச் செங்கல்லுக்கு அங்கிட்டு வாய வச்சு, மெதுவா, ஆத்தமாட்டாம, இங்கிலீஷ்ல. எனக்குப் புரியாதுன்னு நெனச்சுத்தான் அவ அந்தப் பாசையில பேசுறான்னு அப்பத்தான் வெளங்குச்சு. இந்தத் தடவை எனக்கு ஒரு வார்த்தை தப்பல.

இன்னைக்கு அக்கா வந்தாங்கிறா. சண்முகக்கனி அக்கா மத்தியானம் வந்தா, அடுப்படி நிலையில சாஞ்சு காலை நீட்டி உக்காந்தா, அவளுக்கு அந்த எடந்தான் பிடிக்கும், அங்கதான் தென்காத்து வரும்கிறா. அக்கா சட்டியில மீன் குழம்பு கொண்டாந்தா, மூடியத் தொறந்ததும் வீடு பூரா வாசம், அந்த வாசத்துக்கே எனக்குப் பசி வந்துருச்சுங்கிறா. சாப்புட்டுட்டு அக்கா என்னைய முன்னால உக்கார வச்சு என் தலையப் பிரிச்சுப் பேன் பாத்தா, ஒவ்வொண்ணா எடுத்து நகத்துல குத்தும்போது எங்க மாமனாரு பேரு, நாத்தனா பேரு எல்லாம் வச்சுக் குத்துனா, ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வரச் சிரிச்சோம்கிறா. நேத்தும் குழம்போட வந்தா, முந்தாநாளும் வந்தா, இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து அக்கா ஒரு நாளும் வராம இருந்ததில்லங்கிறா. பெறகு குரலு எறங்கிச் சொல்றா, அன்னைக்கு அவரு என்னைய அறைஞ்சப்ப அக்கா சுவத்துக்கு அங்கிட்டுத்தான் இருந்தா, கேட்டதும் போட்டது போட்டபடி எந்திரிச்சு ஓடியாந்தா, வாசல்ல நின்னு அவர மானங்கெட வஞ்சா, எந்தங்கச்சி மேல கைய வைக்கியா, கைய ஒடிச்சிருவேன்னு சொன்னா, அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. எனக்கு அக்கா இருக்கா, அப்படின்னு முடிச்சா.

எனக்கு அப்ப வந்த பொறாமை மாதிரி என் ஆயுசுல வந்ததில்ல. பொன்சித்ரா மேல இல்ல. அந்தச் சண்முகக்கனி மேல. யாரு அவ? என் பேர வச்சுக்கிட்டு, என் கைக் குழம்பத் தூக்கிக்கிட்டு, நான் ஆசைப்பட்ட அடுப்படி நிலையில, எனக்குக் கெடைக்காத தென்காத்துல காலை நீட்டி உக்காந்திருக்கா. அவளுக்கு எட்டாங்கிளாஸ் ஒரு கொறை இல்ல, கருப்பு ஒரு கொறை இல்ல. நான் தீப்பெட்டிக்கு முன்னால கருகிக்கிட்டு இருந்த அத்தனை மத்தியானமும் அவ அங்க சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கா. எல்லாத்தையும் விடுங்க, அறை விழுந்த அன்னைக்கு நான் இங்க குளுந்துபோயி உக்காந்திருக்கேன், அவ ஓடியிருக்கா. இத்தனைக்கும் அவ வெறும் இங்கிலீஷ். அவளுக்கு ஓடக் காலு கூடக் கெடையாது. எனக்கு ரெண்டு காலு இருந்துச்சு.

நான் தயார் பண்ணி வச்சிருந்த வாக்கியத்துல ஒண்ணு கூட அன்னைக்கு உதவல. எந்திரிச்சேன். சைக்கிள்ல வந்த மீன்காரங்கிட்டச் சாளை வாங்குனேன், தேங்கா கூட வச்சு அரைச்சேன், மாங்கா போட்டேன், அந்த இங்கிலீஷ்காரி வச்ச குழம்ப விட ஒரு பங்காவது நல்லாருக்கணும்னு வீம்பா எறக்கி, மண்சட்டியோட தூக்கிக்கிட்டு வாசல்ல எறங்குனேன். தெருப் பொம்பளைக வாசலுக்கு வாசல் வந்து நின்னு பாத்தாக, யாரும் இங்கிலீஷ் பேசல. ஆல்பர்ட் சார் ஈசிசேர்ல நிமிந்து உக்காந்தாரு.

கதவத் தொறந்தவ என்னைப் பாத்தா, சட்டியப் பாத்தா, திரும்ப என்னைப் பாத்தா. கன்னத்துல கன்னிப்போன தடம் இன்னும் மஞ்சளா இருந்துச்சு. நான் அவள ஒதுக்கிட்டு உள்ள போனேன். எங்க உக்காரன்னு கேக்கல, நேரா அடுப்படி நிலையில சாஞ்சு காலை நீட்டி உக்காந்தேன். தென்காத்து வரல, சாக்கடை வாடைதான் வந்துச்சு. சட்டிய நடுவுல வச்சேன். எத்தனையோ வருசமா அவகிட்டப் பேசாத வாயத் தொறந்தேன்.

"நேத்து நான் கொண்டாந்த குழம்புல உப்பு சரியா இருந்துச்சா?"

அவ முகத்துல ரத்தம் வத்திப்போச்சு. மாடக்குழியத் திரும்பிப் பாத்தா, செங்கல்லப் பாத்தா, எம் பக்கம் திரும்புனா. பெறகு மெள்ள என் எதிர்ல உக்காந்து, மூடிய எடுத்து, ஒரு வெரல முக்கி நாக்குல வச்சா.

"நேத்து சரியா இருந்துச்சுக்கா" அப்படின்னா. "இன்னைக்குத்தான் கொஞ்சம் கூடிப்போச்சு."

எனக்குச் சுருக்குன்னுச்சு. அப்ப அந்த இங்கிலீஷ்காரி வச்ச குழம்புதான் ஒசத்தி. இருக்கட்டும், அவளுக்கு நாளைக்குப் பதில் சொல்லிக்கிறலாம். நான் பொன்சித்ராவப் பிடிச்சுத் திருப்பி என் முன்னால உக்கார வச்சு, கொண்டைய அவுத்து முடியப் பிரிச்சேன். நெசமாவே பேன் இருந்துச்சு.

"செல்வம் என்னைக்கு வாரான்?"

"வெள்ளிக்கெழமைக்கா."

"வரட்டும்" அப்படின்னேன். "அன்னைக்கு நான் வஞ்சது அவனுக்குப் பத்தல."